பன்னீர் சோடாவுக்குக் கெக்கில் வாயு ஏற்றுவது: பீர்க் கணக்கு ஏன் சரிவரவில்லை?

வளவுக்காரி

கானாடுகாத்தானில் எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அடுத்த மாதம் அறுபதாம் கல்யாணம். நல்ல வெயில் காலம். முகப்பில் வந்து உட்காருகிறவர்களுக்குப் பன்னீர் சோடாவைக் குழாயில் பிடித்து, அவர்கள் கண்ணெதிரே நுரை பொங்கக் கொடுக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை.

ஆசையைக் கிளப்பியது என் அண்ணன் விட்டுப்போன கெக், அதாவது பானத்தை வாயு அழுத்தத்தில் அடைத்துவைக்கும் பாத்திரம். அவன் மெல்பர்னில் இருக்கிறான். அங்கே வீட்டிலேயே பீர் வடித்து, 19 லிட்டர் எவர்சில்வர் கெக்கில் வாயு ஏற்றிக் குடிப்பான். போன முறை வந்தபோது அப்படி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து, அதற்குள் வேட்டியையும் துண்டையும் திணித்துக் கொண்டுவந்தான். திரும்பும்போது வேட்டியை எடுத்துக்கொண்டு கெக்கை இங்கேயே வைத்துவிட்டான். வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் குழாயும்கூட இருக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை இங்கே வாடகைக்கு எடுத்தேன்.

அவன் நோட்டில் "12 பிஎஸ்ஐ, ஒரு வாரம்" என்று எழுதியிருந்தது. பிஎஸ்ஐ என்பது அழுத்தத்தின் அலகு. 15 லிட்டர் தண்ணீரில் பன்னீர் சிரப்பைக் கலந்து, 12 பிஎஸ்ஐ வைத்து, வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் நிழலான மூலையில் ஒரு வாரம் வைத்திருந்தேன். திறந்து பிடித்தால் முக்கால் டம்ளர் நுரை. நுரை அடங்கியதும் கீழே வெறும் சர்க்கரைத் தண்ணீர். நாக்கில் ஒரு சுரீர்கூட இல்லை. இவ்வளவு நுரை வருகிறது என்றால் வாயு ஏறியிருக்கிறது என்றுதானே பொருள்? பிறகு ஏன் சப்பென்று இருக்கிறது?

அண்ணனிடம் கேட்டேன். "அழுத்தத்தைக் கூட்டிவைத்து ஆட்டு" என்றான். ஆட்டினேன். ஆட்டிய கையோடு, உள்ளழுத்தத்தை வெளியேற்ற மூடியிலிருக்கும் வளையத்தை இழுத்தேன். சிரப் பீய்ச்சி அடித்தது. பர்மாத் தேக்குத் தூணில் ஆள் உயரத்துக்கு மேலே இன்னமும் எறும்பு ஊர்கிறது.

புதுவயல் பையன்

இவ்வளவு சாமானும் இருக்கும்போது அண்ணன் வடிக்கிறதையே வடித்துவிடலாமே, ஆச்சி?

சுண்ணக்கட்டி

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, தம்பி. உரிமம் இல்லாமல் வீட்டில் பீர் வடிப்பது குற்றம். மெல்பர்னில் சொந்தக் குடிக்கு வடித்துக்கொள்ளலாம், கானாடுகாத்தானில் கூடாது. பேச்சு சோடாவோடு நிற்கட்டும்.

யாராக்கரை

நானும் மெல்பர்ன்தான், பூர்வீகம் தேவகோட்டை. எட்டு வருடமாக இதே கெக்கில் பீர் வைத்திருக்கிறேன். உங்கள் அண்ணன் நோட்டில் பொய் ஒன்றும் எழுதவில்லை. ஒரு சொல்லை விட்டுவிட்டார். எங்களுக்கெல்லாம் கெக் எப்போதும் குளிர்பெட்டிக்குள் இருக்கும். அதனால் "4 டிகிரியில்" என்று யாரும் எழுதுவதில்லை.

வாயு ஏறும் அளவை நாங்கள் "மடங்கு" என்று சொல்கிறோம். ஒரு லிட்டர் பானத்தில் இரண்டரை லிட்டர் வாயு கரைந்திருந்தால் இரண்டரை மடங்கு. பெரும்பாலான பீருக்கு அது போதும். 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ வைத்தால், ஒரு வாரம் பத்து நாளில் அந்த அளவுக்குத் தானாக வந்து நிற்கும். அதற்கு மேல் ஏறவும் ஏறாது. இதுதான் சோம்பேறிகளின் வழி, என் வழியும் இதுதான்.

உங்கள் இரண்டாம் கட்டு என்ன வெப்பம்? 32 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதே 12 பிஎஸ்ஐயில் ஒரு மடங்குதான் கரையும். மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் அதே ஒரு மடங்குதான். 30 டிகிரியில் பீர் அளவுக்கு ஏற்றவே 38 பிஎஸ்ஐ வேண்டும். நீங்களோ சோடா கேட்கிறீர்கள். சோடாவுக்கு நான்கு மடங்கு வேண்டும். அந்த வெப்பத்தில் அதற்கு 65 பிஎஸ்ஐக்கு மேல் போக வேண்டும். கெக் தாங்கும், அதன் உச்ச அளவு 130. ஆனால் உங்களிடம் இருக்கும் பீர் ரெகுலேட்டரும் பிளாஸ்டிக் குழாயும் அதற்கானவை அல்ல. குளிரவைத்தால் 28 பிஎஸ்ஐயில் முடிந்துவிடும்.

நுரைக்கு வருகிறேன். கரைந்திருக்கும் கொஞ்ச வாயுவும் சூடான தண்ணீரில் இருப்புக் கொள்ளாது. குழாய் வாயில் அழுத்தம் சட்டென்று விழும்போது மொத்தமும் வெளியே வந்துவிடுகிறது. நீங்கள் பார்த்த நுரை, டம்ளரில் இருந்திருக்க வேண்டிய வாயு.

கோலிக்குண்டு

காரைக்குடியில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து சோடாக் கடை. ஒரு வாரம் காத்திருந்தால் வாயு ஏறும் என்பதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். ஒரு வாரம் காத்திருந்தால் எங்கள் பிழைப்பு என்னாவது?

எங்கள் பழைய கைமிஷினைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாட்டில்களை இரும்புக் கூண்டில் படுக்கவைத்துப் பூட்டி, வாயுவைத் திறந்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றுவோம். கூண்டோடு பாட்டில்கள் குட்டிக்கரணம் போடும். அந்தச் சுற்றில் தண்ணீரும் வாயுவும் கலந்து, நிமிடக் கணக்கில் வேலை முடியும். பாட்டில் தலைகீழாக நிற்கும்போது கோலி கழுத்துக்கு உருண்டு வந்து, உள்ளே இருக்கும் வாயு அதை ரப்பர் வளையத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடி போடும் வேலையே இல்லை. ஹைரம் காட் என்கிற ஆங்கிலேயர் 1870களில் கண்டுபிடித்த பாட்டில் அது. இன்றும் அதைவிட எளிதான மூடி வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் ஆட்டச் சொன்ன உங்கள் அண்ணன் சொன்னது சரி, ஆச்சி. ஆட்டி முடித்ததும் திறந்ததுதான் தப்பு. சோடா பாட்டிலைக் குலுக்கிவிட்டு யாராவது கோலியைத் தட்டுவார்களா?

சுண்ணக்கட்டி

இருவர் சொல்வதும் ஒன்றுதான், நேரம்தான் வேறு. எவ்வளவு கரையும் என்பதை அழுத்தமும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. 1803இல் வில்லியம் ஹென்றி சொன்ன விதி இது. முப்பது வருடம் பதினொன்றாம் வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன். எவ்வளவு சீக்கிரம் கரையும் என்பதைத் தண்ணீரும் வாயுவும் தொட்டுக்கொள்ளும் பரப்பு தீர்மானிக்கிறது. சும்மா நிற்கும் கெக்கில் அந்தப் பரப்பு ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுகூட இருக்காது. ஆட்டினால் பல மடங்காகிறது.

நீங்கள் சொல்லாத ஒன்றைக் கேட்கிறேன். மூடியவுடன் உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினீர்களா? ஹென்றி விதியில் கணக்குக்கு வருவது கார்பன் டை ஆக்சைடின் பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அது தன் பங்குக்குக் கொடுப்பது மட்டும்தான். மேலே காற்று தங்கியிருந்தால் முள் 12 காட்டும், ஆனால் தண்ணீருக்கு அந்தப் 12இன் பலன் கிடைக்காது. வாயுவை விட்டு, வளையத்தை ஒரு நொடி இழுத்து விடுங்கள். மூன்று நான்கு முறை இப்படிச் செய்த பிறகே ஆட்டத் தொடங்குங்கள்.

வளவுக்காரி

வெளியேற்றவில்லை, ஐயா. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே இப்போதுதான் தெரியும்.

இன்னொரு சந்தேகம். சிலிண்டர் பக்கத்துப் பெரிய முள் காலையில் 65 பார் (அழுத்தத்தின் இன்னோர் அலகு) காட்டுகிறது. மதியம் 80ஐத் தாண்டுகிறது. யாரும் தொடவில்லை. வாயு எப்படிக் கூடும்?

சுண்ணக்கட்டி

கூடவில்லை. உள்ளே திரவமாக இருக்கும் வரை அந்த முள் வெப்பத்தைத்தான் காட்டும், அளவைக் காட்டாது. 25 டிகிரியில் 64 பார். நிறைய இருந்தாலும் அதுதான், கொஞ்சம் இருந்தாலும் அதுதான். 31 டிகிரியைத் தாண்டினால் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்துவிடும். அதற்கு மேல் அழுத்தம் மளமளவென்று ஏறும். மெல்பர்ன் குளிரில் இதைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். நம் ஊரில் நாளும் மதியம் 31ஐத் தாண்டுகிறதே!

எனவே சிலிண்டரை முற்றத்து வெயிலில் வைக்காதீர்கள். எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டுமானால் தராசில் நிறுத்துங்கள். காலி எடை சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும். 18 லிட்டருக்கு நான்கு மடங்கு ஏற்ற 140 கிராம் போதும். குடிக்கப் பிடிக்கும்போது பின்னாலிருந்து தள்ளுவதற்கும் சேர்த்தால் ஒரு கெக்குக்குக் கால் கிலோ.

இன்னொன்று, இது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் அடியில் தங்கி மூச்சை முட்டும். ஜன்னலைச் சாத்திய காரில் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். நிறுத்திக் கட்டி வையுங்கள்.

கோலிக்குண்டு

வாடகைக்குக் கொடுத்தவரிடம் குடிபானத்துக்கான வாயுதானா என்று கேட்டீர்களா? தீயணைப்பு சிலிண்டரை நிரப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. அதில் உள்ளே அடிவரை குழாய் இறங்கியிருக்கும். வாயுவுக்குப் பதில் திரவம் வந்து ரெகுலேட்டரைக் கெடுத்துவிடும்.

ஏழாம் பந்தி

நான் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறவன். இவ்வளவு கணக்கு எனக்குப் புரியாது. எத்தனை பேர் வருகிறார்கள்? 400 என்றால் 19 லிட்டர் எந்த மூலைக்கு? 150 மில்லி டம்ளரில் 120 பேருக்குத்தான் வரும்.

எலுமிச்சையோ இஞ்சியோ பிழிந்து கெக்கில் ஊற்றிவிடாதீர்கள். சக்கை, கெக்குக்குள் அடிவரை இறங்கும் அடிக்குழாயில் அடைத்துக்கொண்டு ஒரு கல்யாணத்தில் நான் பட்ட பாடு போதும்.

அழகுக்கு ஒரு யோசனை. உங்கள் வீட்டில் பெரிய செம்புக் குடம் இருக்குமே, சோடாவை அதில் ஊற்றிக் குழாய் வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும்.

சுண்ணக்கட்டி

வேண்டவே வேண்டாம். வாயு கரைந்த தண்ணீர் புளிப்புத்தன்மை உள்ளது. செம்பையும் பித்தளையையும் அரிக்கும், செம்பு பானத்தில் இறங்கி வயிற்றைப் புரட்டும். சோடா தொடுகிற இடமெல்லாம் எவர்சில்வரோ குடிநீர்த் தரப் பிளாஸ்டிக்கோதான் இருக்க வேண்டும். இடையில் ஒரு பித்தளை இணைப்புகூடக் கூடாது.

ஏழாம் பந்தி

சரி, ஐயா. அப்படியென்றால் கெக்கை அண்டாவுக்குள் வைத்துவிடலாமே! பித்தளை அண்டா வெளியேதானே இருக்கப்போகிறது? சுற்றிலும் ஐஸ் போட்டால் குளிருக்கும் ஆயிற்று, லட்சணத்துக்கும் ஆயிற்று.

யாராக்கரை

இதுவரை வந்த யோசனைகளில் இதுதான் சிறந்தது. ஐஸோடு தண்ணீரும் ஊற்றுங்கள். வெறும் ஐஸ் கெக்கை அங்கங்கேதான் தொடும், ஐஸ் தண்ணீர் சுற்றிலும் தொடும். சிரப் கலந்த தண்ணீரை முதல் நாளே குளிர்பெட்டியில் வைத்துக் குளிரவைத்து ஊற்றினால் ஐஸ் பாதி மிச்சம்.

நான் செய்வதாக இருந்தால் இப்படிச் செய்வேன். கெக்கில் 17 லிட்டருக்கு மேல் நிரப்ப மாட்டேன், ஆட்டுவதற்கு மேலே இடம் வேண்டும். 30 பிஎஸ்ஐ கொடுத்து மூடியை உட்காரவைத்து, சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்ப்பேன். காற்றை வெளியேற்றுவேன். பிறகு ரெகுலேட்டரை 28இல் நிறுத்திவிட்டு, கெக்கைப் படுக்கவைத்து உருட்டுவேன். படுக்கவைக்கும்போது வாயு நுழையும் வாய் மேல்பக்கம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிரப் ரெகுலேட்டருக்குள் திரும்பிப் போய்விடும். உருட்டும்போது வாயு உள்ளே போகும் இரைச்சல் கேட்கும். அது நின்றால் தண்ணீர் போதும் என்கிறது என்று பொருள். ரெகுலேட்டரை 28இல் வைத்திருப்பதால் எவ்வளவு உருட்டினாலும் மிகையாகாது. 50, 60 என்று ஏற்றிவைத்து அவசரப்படுகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

பிறகு ஐஸில் நிறுத்தி ஓர் இரவு தொடாமல் விடுங்கள். வளையத்தின் பக்கமே போகாதீர்கள்.

வளவுக்காரி

உருட்டுவது ஆத்தங்குடிக் கல் பதித்த தரையிலா? அப்பச்சி என்னை உருட்டிவிடுவார்.

யாராக்கரை

பாயை நாலாக மடித்துப் போடுங்கள்.

பீர்க்காரர்களில் பலருக்கு உருட்டுவது பிடிக்காது. பீரில் அடியில் தங்கும் ஈஸ்ட் கலங்கிவிடும், பொறுமை இல்லாதவன் என்ற பெயரும் வரும். சோடாவில் கலங்க என்ன இருக்கிறது?

குழாயைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். உங்கள் அண்ணன் கொடுத்தது எத்தனை மீட்டர்? 12 பிஎஸ்ஐ பீருக்கு 5 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் 3 மீட்டர் இருந்தால் அழுத்தம் வழியிலேயே தேய்ந்து, டம்ளரில் சாந்தமாக விழும். 28 பிஎஸ்ஐக்கு 8 மீட்டராவது வேண்டும். சுருட்டி அதையும் அதே ஐஸ் தண்ணீரில் போடுங்கள். குழாய் வாயைப் பாதி திறந்து பிடிக்காதீர்கள், முழுக்கத் திறக்க வேண்டும். பாதி திறப்பு ஒரு நுரை மிஷின்.

கோலிக்குண்டு

பரிமாறும் அந்த ஒரு மணி நேரத்துக்கு அழுத்தத்தை ஐந்துக்கு இறக்கிவிட்டால் என்ன? 8 மீட்டர் குழாய்க்கு எங்கே போவார்கள்?

யாராக்கரை

ஒரு மணி நேரம் என்றால் செய்யலாம். வாயு மெல்லத்தான் குறையும். நாள் முழுக்க அப்படி விட்டால் சோடா செத்துவிடும்.

ஏழாம் பந்தி

சிரப்பைக் கெக்கில் கலக்காமல், வெறும் சோடாவை ஏற்றி டம்ளரில் சிரப் ஊற்றினால் கெக் கழுவுவது எளிது. சர்க்கரைத் தண்ணீர் இந்த வெயிலில் இரண்டு நாள் கிடந்தால் புளித்துவிடும்.

கோலிக்குண்டு

டம்ளரில் ஊற்றினால் ஒருவருக்கு இனிக்கும், அடுத்தவருக்குச் சப்பென்று இருக்கும். கலக்கக் கரண்டியை விட்டால் வாயு போச்சு. எங்கள் கடையில் சிரப் முதலில் பாட்டிலுக்குள் போகும், பிறகுதான் மற்றதெல்லாம். கலந்தே ஏற்றுங்கள், ஐஸை விட்டு எடுக்காதீர்கள்.

தண்ணீரையும் யோசியுங்கள். காரைக்குடிச் சம்பை ஊற்றுத் தண்ணீர் கிடைத்தால் வேறு எதையும் தேடாதீர்கள். உப்புக் கரிக்கிற போர்த் தண்ணீரில் எந்தப் பன்னீரும் எடுபடாது.

வளவுக்காரி

இன்று ஒத்திகை பார்த்தேன். சுரீர் என்று நன்றாகவே இருக்கிறது! ஆனால் பன்னீருக்குப் பின்னால் வேறு ஏதோ மணம் வருகிறது. கசப்பாக, பழைய மாவு மாதிரி. அப்பத்தா ஒரு வாய் குடித்துவிட்டு, "சீமைச் சரக்கு வாடை வருகிறதே" என்றார். 84 வயது. அவருக்கு அந்த வாடை எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

யாராக்கரை

ரப்பர் வளையங்கள்தான். கெக்கில் மூடிக்குப் பெரியது ஒன்று, இரண்டு வாய்களுக்கும் அடிக்குழாய்களுக்கும் சின்னவை நான்கு. எவர்சில்வர் எதையும் வைத்துக்கொள்ளாது, ரப்பர் எதையும் மறக்காது. மாற்றிவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் மட்டும் போடாதீர்கள், எவர்சில்வரில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழும்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கெக் பீருக்காகப் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் பெப்சியும் கோக்கும் கடைகளுக்குச் சோடா அனுப்ப வைத்திருந்த பாத்திரம் இது. அவர்கள் அட்டைப்பெட்டிக்குள் பையில் சிரப் அனுப்ப ஆரம்பித்ததும் இவை பழைய சாமானாக விலைக்கு வந்தன, வீட்டில் பீர் வடிப்பவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அப்படி வாங்கியவர்கள் முதலில் போராடியதே ரப்பரில் ஊறிய குளிர்பான வாடையோடுதான். நீங்கள் எதிர்த்திசையில் போராடுகிறீர்கள்.

சுண்ணக்கட்டி

இன்னும் பின்னால் போனால், சோடாவே பீர் ஆலையில் பிறந்ததுதான். ஜோசப் பிரீஸ்ட்லி லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருந்தார். 1767இல், நொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே தங்கி நின்ற வாயுவில் தண்ணீரை வைத்துப் பார்த்துத்தான் முதல் சோடாத் தண்ணீரைக் குடித்தார். பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றினார் என்பார்கள். கோலிக்குண்டு சுற்றிய கைப்பிடி அதுதான்.

வளவுக்காரி

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எல்லோருக்கும் நன்றி சொல்லவே நேரம் இப்போதுதான் கிடைத்தது.

வளையங்களை மதுரையில் தேடி ஒன்று தவிர எல்லாவற்றையும் மாற்றினேன். மூடியின் பெரிய வளையம் அந்த அளவில் கிடைக்கவில்லை, சோடா உப்பில் ஊறவைத்துக் கழுவினேன். குழாய் 6 மீட்டர்தான் கிடைத்தது, அதனால் பரிமாறும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன். அண்டாவில் இரண்டு ஐஸ் பாளம். முதல் இரண்டு டம்ளர் நுரை, மூன்றாவதிலிருந்து கண்ணாடி மாதிரி வந்தது. ஏழாம் பந்தி சொன்னது பலித்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் கெக் காலி. கோலிக்குண்டு அண்ணன் முன்யோசனையாக அனுப்பிவைத்த பாட்டில்கள் இல்லாவிட்டால் மானம் போயிருக்கும். பிள்ளைகள் கெக் பக்கம் திரும்பவே இல்லை, கோலியைக் கட்டைவிரலால் தட்டத்தான் அடிதடி.

அண்ணன் கெக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகிறானாம். மூன்று முறை கழுவிவிட்டேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்தால் பன்னீர் மணம் கும்மென்று அடிக்கிறது. அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

யாராக்கரை

சொல்லாதீர்கள். முதல் டம்ளரை நான் போய்க் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

கோலிக்குண்டு

ஆச்சி, அனுப்பியது 96 பாட்டில், திரும்பி வந்தது 89. கொல்லைப்பக்கம் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் கோலிக்காக உடைத்திருந்தால் கண்ணாடிச் சில்லு கிடக்கும், காலில் குத்திவிடப் போகிறது.